சூடு காட்டக் கூடாத கறை

எங்கள் லாண்டரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் அண்ணியின் பெயரே தெரியாது. "கறையம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இஸ்திரி என் அண்ணனுடையது. முன்பக்கம் உட்கார்ந்து துணியை வாங்கிப் போட்டு வருகிறவர்களிடம் வாயாடுவது அவன் தங்கை நான். பின்னறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கல் பதித்த மேசை ஒன்று இருக்கிறது. அதன்மேல் குட்டிக் குட்டிப் புட்டிகள், தேய்ந்துபோன பிரஷ்கள், ஒரு உப்பு டப்பா. அது அண்ணியின் ராஜ்யம். அங்கே அண்ணன்கூடக் கை வைக்க மாட்டான்.

கறையோடு வருகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்லுவார்கள். மது கொட்டியிருந்தால் பழச்சாறு என்பார்கள். உதட்டுச் சாயம் என்றால் பெயின்ட் என்பார்கள். ரத்தம் என்றால், "என்னன்னே தெரியலைங்க, எங்கேயோ பட்டிருக்கு." எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே, "எங்கேன்னு தெரிஞ்சா நாங்களும் அந்தப் பக்கம் போகாம இருப்போம்" என்று ஒரு வார்த்தை விடுவேன். அதற்குள் அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து துணியை வாங்கிவிடுவாள். ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "போயிடும்ங்க" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கவே தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். முகம் தெளிந்து போவார்கள்.

என்ன கறை என்று தெரியாமல் அதற்குச் சூடு காட்டக் கூடாது. எங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இது வந்துவிடும். மற்ற கறையாவது போகட்டும், ரத்தம் சூடே பொறுக்காது. பச்சைத் தண்ணீரில் போட்டு உப்பைத் தூவினால் நெகிழ்ந்து கொடுக்கும். வெந்நீர் பட்டதோ, உறைந்து நூலோடு நூலாகிவிடும். பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது.

அண்ணிக்கு ரத்தத்தோடு பழக்கம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. வயதுக்கு வந்ததிலிருந்து மாதம் தவறாமல் ஆளைச் சுருட்டிப் போடுகிற வலி. ஊரில் இல்லாத வலியா என்றார்கள். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். கல்யாணம் ஆனது, சரியாகவில்லை. ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். அது பிறக்கவே இல்லை. எனக்கு இரண்டு, கேட்காமலே வந்து நின்றவை. அவளுக்கு ஒன்று, கேட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் அந்த வலிக்கு ஒரு பேர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே ஒன்று வெளியே கண்ட இடத்தில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறதாம். வெளியே வர வழியில்லாத ரத்தம் சினைப்பைக்குள் தேங்கிக் கட்டியாகிறதாம். அந்தக் கட்டிக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் சாக்லேட் கட்டி. பழைய ரத்தம் அந்த நிறத்தில் இருக்குமாம். அப்படிப் பேர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் எங்கள் தொட்டியில் முக்கி எடுத்திருப்பேன்.

ஆனால் அன்று அண்ணிக்குச் சந்தோஷம். "எனக்கு நெஜமாவே வலிச்சிருக்கு, பாத்தியா?" என்றாள். அத்தனை வருடம் யாரும் நம்பாமல் போய், அவளுக்கே அவள் வலியின் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வலது பக்கச் சினைப்பையை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கட்டி அதைத் தின்றுவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது இடது பக்கம் ஒன்று. "ஒண்ணு போதும். ஒத்தைக் கண்ணு இருந்தாலும் ஊசி கோக்கலாம்" என்பாள் அண்ணி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் இன்னும் ஒரு பிள்ளையை எதிர்பார்த்தாள். வெளியே சொல்ல மாட்டாள். எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும்.

வலிக்கு மாத்திரை தின்றால் வயிற்றைப் புரட்டும். ஒத்துவந்தது வெந்நீர்ப் பை ஒன்றுதான். அண்ணன் வாங்கிக் கொடுத்த ரப்பர் பை. பழைய கம்பளித் துணியில் அதற்கு உறை தைத்து, அந்த நாட்களில் அடிவயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்வாள். "ஏற்கெனவே இஸ்திரி அனல்ல வேகறோம், நீங்க வயித்துல வேற அடுப்பு மூட்டிக்கிட்டீங்களா?" என்று கேலி செய்வேன். "உன் வாயை விட இதுல சூடு கம்மிதான்" என்பாள். அந்தப் பை இருக்கிற வரை அவளால் நிற்க முடிந்தது. நின்றுகொண்டு சிரிக்கவும் முடிந்தது.

கடைசியாக ஒரு தடவை பிள்ளைக்கான சிகிச்சை எடுத்துப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன். துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "எத்தனை ஸ்கேன் பாத்திருக்கேன்! நீ கடையைப் பாரு" என்று தனியாகவே கிளம்பிப் போனாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

திரும்பி வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய், தொட்டியோரம் இருந்த சட்டை ஒன்றை எடுத்துக் கசக்க ஆரம்பித்தாள். நான் முன்பக்கம் நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்ன அண்ணி, என்ன சொன்னாங்க?"

"ஸ்கேன் எடுக்கற பொண்ணு நல்லா பேசிக்கிட்டே இருந்துச்சு. நான் லாண்டரின்னு சொன்னதும், தன் கோட்டுல மை கொட்டிடுச்சு, போகுமான்னு கேட்டுச்சு. போயிடும்னு சொன்னேன். அப்படியே பேச்சை நிறுத்திடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பேசவே இல்லை. அந்தக் கருவியை ஒரே இடத்துல வெச்சு அழுத்திக்கிட்டே இருந்துச்சு. வெளிய போய் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவரும் பாத்தாரு. அவரும் பேசலை."

மிச்சத்தை டாக்டரம்மாதான் சொல்லியிருக்கிறார். இடது பக்கமும் சாக்லேட் கட்டி இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதன் உள்சுவரில் கெட்டியாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. உறைந்த ரத்தமாக இருக்கலாம். அப்படியானால் தானே கரைந்துவிடும். இரண்டு மாதவிலக்கு தாண்டட்டும், மறுபடி பார்க்கலாம். கரையவில்லை என்றால் சினைப்பையோடு சேர்த்து எடுத்துச் சோதித்துத்தான் ஆக வேண்டும். ரத்தத்திலும் ஏதோ ஒரு எண் கூடியிருந்தது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்கு அது எப்படியும் கூடத்தான் செய்யுமாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு ரத்தத்தை எடுத்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னாங்க" என்றாள் அண்ணி.

"பெரும்பாலும்னா?"

"வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

அந்த வியாதியின் பேரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கசக்கிக்கொண்டிருந்த சட்டையில் கறையே இல்லை. அது ஏற்கெனவே அலசி வைத்த சட்டை.

மறுநாள் மதியம் வழக்கம்போல இஸ்திரி மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணியின் இடுப்பில் வெந்நீர்ப் பை கட்டியிருந்தது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உறைஞ்ச ரத்தம்னுதானே சொன்னாங்க?"

"இருக்கலாம்னாங்க."

"இத்தனை வருஷமா அது மேல சூடு காட்டிக்கிட்டே இருந்திருக்கோம்."

அவன் குத்திக்காட்டவில்லை. பையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். வலி வரும்போதெல்லாம் வெந்நீர் வைத்து ஊற்றிக் கொடுத்ததும் அவன்தான். மனசில் பட்டது வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு எந்த வீட்டிலாவது இதைச் சொல்லியிருந்தால், வயிறும் சட்டையும் ஒன்றா என்று சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேருக்குமே அது பளிச்சென்று விளங்கிவிட்டது. அண்ணி எழுந்து போய்ப் பையை அவிழ்த்து, மூடியைத் திருகி, வெந்நீரைத் தொட்டியில் கொட்டினாள்.

"பச்சைத் தண்ணியில ஊறப்போட வேண்டியதுக்கு நானே இஸ்திரி போட்டிருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கும் சூட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. டீயை ஆறவைத்துப் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகு குடித்தாள். அது குளிர்காலம், அப்படியும் வெந்நீர் தொடாமல் குளித்தாள். இஸ்திரி மேசைப் பக்கம் வரவே மாட்டாள், சாப்பாடு பின்னறையில்தான். ஈரத் துண்டைப் பிழியாமல் மடித்து வயிற்றில் வைத்துக் கட்டிக்கொள்வாள். காய்ந்தால் மறுபடி நனைத்துக் கட்டுவாள். புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே அண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கேட்டா ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றாள்.

கடைக்கு வருகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒரு பெண் தன் கல்யாண உடுப்பைக் கொண்டுவந்தாள். விளிம்பில் ஏதோ பழுப்பாகப் பட்டிருந்தது. அண்ணி வெகுநேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் "போயிடும்ல?" என்று கேட்டாள். "சொல்ல முடியாதுங்க. பாக்கறேன்" என்றாள் அண்ணி. அவள் வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அந்தக் கறை வெறும் டீக்கறை. ஒரே அலசில் போய்விட்டது. அப்படியும் அண்ணி அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் மாதவிலக்கு வந்தது. எப்போதாவது போடுகிற மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டாள், மாத்திரையும் சூடு என்று யாரோ சொன்னார்களாம். காலையிலிருந்து பின்னறையில் சத்தமே இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கித் தரையில் குந்தியிருந்தாள். அடிவயிற்றில் ஈரத் துண்டு. அதற்குள் ஐஸ் கட்டிகளை வேறு வைத்துக் கட்டியிருந்தாள். உதடு வெளுத்துப்போய்ப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. வலியில் நடுங்குகிறாளா குளிரில் நடுங்குகிறாளா என்று தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பைத்தியமா உங்களுக்கு? செத்துகித்துப் போகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? எந்திரிங்க, வெந்நீர் வைக்கறேன்" என்று கத்தினேன். தூக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்டி. கரையுது."

"என்ன கரையுது?"

"கரையற மாதிரிதான் இருக்கு. பழசு எல்லாம் வெளிய வர்ற மாதிரி இருக்கு. ரெண்டு மாசம்தானே, பொறுத்துக்கறேன். இது மட்டும் கரைஞ்சிடட்டும்."

பிறகு மறுபடி வலி வந்து அவளை மடக்கியது. சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இஸ்திரி போடுகிற இடத்திலிருந்து அண்ணன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அவன் கை அனலாக இருக்கும். அந்தக் கையால் அவளைத் தொடவும் பயந்தான் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. நான் அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். அவளை மறுத்துப் பேச என்னாலும் முடியவில்லை. நானும் அந்தத் தொட்டித் தண்ணீரில் வளர்ந்தவள்தானே. பச்சைத் தண்ணீரில் ரத்தம் கரைவதை எத்தனை துணியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மாதம் இன்னும் மோசம். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அதையும் பொறுத்தாள்.

மறு ஸ்கேனுக்கு அண்ணன் வரவில்லை. "நீ போயிட்டு வா. என்னால அங்க உக்கார முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டான். நானும் அண்ணியும் பஸ்ஸில் போனோம். வழியில் அவள் நன்றாகத்தான் பேசினாள். வலி இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது, பக்கவாட்டில் லேசாகிவிட்டது போல இருக்கிறது என்றாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "முன்ன மாதிரி இல்லை, பாரு" என்றாள். எனக்கு என்ன தெரியும். "ஆமா அண்ணி" என்றேன்.

ஸ்கேன் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மாவின் அறைக்குள் இரண்டு பேரும் போனோம். அவர் நல்ல மாதிரியான பெண்தான், முகத்தைச் சுளிக்காமல் பேசுவார். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கரையலம்மா. கொஞ்சம் பெருசாவும் ஆயிருக்கு. அதுக்குள்ள ரத்த ஓட்டம் தெரியுது. உறைஞ்ச ரத்தமா இருந்தா அப்படித் தெரியாது."

அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"எடுத்துடணும். உடைக்காம முழுசா வெளிய எடுக்கணும். எடுத்துச் சோதிச்சாத்தான் அது என்னன்னு சொல்ல முடியும். தள்ளிப்போடக் கூடாது."

"எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு டாக்டர்."

"தெரியும்மா."

"கருமுட்டையை மட்டும் முதல்ல எடுத்து வெச்சுக்க முடியாதா? அப்படிச் செய்யறாங்கன்னு சொல்றாங்களே."

"உங்களுக்கு அது ஆபத்து. என்னன்னு தெரியாத ஒண்ணுக்குள்ள நான் ஊசி விடக் கூடாது."

அண்ணி தலையாட்டினாள். அதை அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். வெந்நீர்ப் பையைச் சொன்னாள், எத்தனை வருடமாக என்று சொன்னாள். சூடு பட்டால் ரத்தம் இறுகிவிடும், எங்களுக்குத் தொழிலே அதுதான், தெரிந்திருந்தும் செய்துவிட்டேன் என்றாள். இரண்டு மாதமாகச் சூடே காட்டவில்லை, ஐஸ் வைத்தேன், மாத்திரைகூடப் போடவில்லை என்றாள். "அதனாலதானே டாக்டர் இப்படி ஆச்சு?"

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் லேசாகக் கலங்கியது போல எனக்குப் பட்டது.

"இல்லவே இல்லம்மா. ஒத்தடம் மேல்தோலோட சரி. உள்ளே இருக்கறதை அது ஒண்ணும் செய்யாது. நீங்க செஞ்ச எதனாலயும் இது வரலை."

"ஐஸ் வெச்சது?"

"அதனாலயும் ஒண்ணும் ஆகாது. வீணா வலியைத் தாங்கியிருக்கீங்க. முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா."

வேறு ஒருத்தியாக இருந்தால், அப்பாடா, என் மேல் தப்பில்லை என்று மூச்சு விட்டிருப்பாள். ஸ்கேன் பற்றிச் சொன்னபோது அழாதவள், சினைப்பை போகும் என்றபோது அழாதவள், அண்ணி இதைக் கேட்டு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். டாக்டரம்மா அவள் முதுகில் கை வைத்தார். பயப்படாதீங்க, முன்கூட்டியே பார்த்துவிட்டோம் என்றார். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வெளியே வந்து நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஸ்கேனுக்காகக் காத்திருந்த பெண்கள் வரிசையாகப் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் தப்பாவே இருந்திருக்கலாம்" என்றாள் அண்ணி.

"என்ன பேச்சு இது?"

"தப்புன்னா நிறுத்திக்கலாம்ல. நிறுத்தினேன்ல. என்ன வலி வலிச்சுது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும், இதோ கரையுது, இதோ கரையுதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நான் எதை நிறுத்தறது, சொல்லு. எதை விட்டா இது போகும்?"

கடவுள் மேல் கோபம் வந்தது, டாக்டர் மேல் வந்தது, ஊரில் இல்லாத வலியா என்று கேட்டவர்கள் எல்லோர் மேலும் வந்தது. யாரையும் பிடித்து உலுக்க முடியாது. அவளாவது தன்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், இப்போது அதுவும் அவளுக்கு இல்லை. "வாங்க அண்ணி, பஸ் வந்துடும்" என்றேன்.

நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அண்ணன் பார்த்துவிட்டான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்பக்கம் வந்து நின்றான். அண்ணியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எடுக்கணுமாம்" என்று அண்ணியே சொன்னாள். "எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியுமாம்."

அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"நான் அன்னைக்குச் சொன்னேனே. சூடு..."

"அது இல்லையாம். கேட்டுட்டேன். நீங்க பை வாங்கிக் குடுத்ததும் தப்பில்லையாம், நான் வெச்சுக்கிட்டதும் தப்பில்லையாம்."

அவன் முகம் ஒரு கணம் தெளிந்தது. உடனே மறுபடி கலங்கிவிட்டது.

"அப்போ எதனால?"

கறையோடு யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி அது. பதில் தெரிந்தால் வழி தெரிந்துவிடும். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எதனாலயும் இல்லையாம்" என்றாள்.